கனியின் அடியால் அளந்த அறை

எங்கள் வீட்டுக்கு ஓர் அறை கூட்டிக் கட்டுவது என்று முடிவானபோது, வீட்டில் இருந்தவர்களில் நல்ல நேரம் நடந்துகொண்டிருந்தது ஒருத்திக்குத்தான், அவளுக்கு அப்போது பல்லே முளைத்திருக்கவில்லை. மாமனாருக்கு ஏழரைச் சனி, மாமியாருக்கு அட்டமத்துச் சனி, ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு வடக்கே எங்கேயோ போய்ப் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரருக்கு ராகு புத்தி, எனக்கு என்ன நடக்கிறது என்று ஜோசியர் பார்க்கவே இல்லை, ஏனென்றால் மருமகள் பேரில் மனை போடுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அதனால் என் மகள் கனிஷ்காவின் பேரில் வேலையைத் தொடங்குங்கள் என்று சொல்லி அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டார், மாமனாரும் சரியென்று எழுந்து வந்தார்.

திருச்செங்கோட்டில் மலைக்குப் பின்புறம் இருக்கிறது எங்கள் வீதி. வீட்டில் அதுவரை ஒரு கூடமும் ஓர் அடுப்படியும்தான். நானும் பிள்ளையும் படுத்துக்கொண்டது அடுப்படியில், அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு சேலையைக் குறுக்கே கட்டி. மாமனார் அர்த்தநாரிக்கு லாரி ஆபீஸ் பழக்கத்தில் நாளெல்லாம் ஆட்கள் வருவார்கள், வருகிற ஆட்களுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் அடுப்படியில் இருக்கும். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும்போது சேலைக்கு அந்தப் பக்கம் செம்பு சத்தம் கேட்டால் நான் எழுந்து நின்றுவிடுவேன், அவள் பாதியில் வாய் எடுத்து அழுவாள். நான் பிறந்ததிலிருந்தே கூச்சக்காரி, ஐந்தாவதோடு படிப்பை விட்டதற்கும் எழுந்து நின்று படிக்கச் சொன்னதுதான் காரணம், கல்யாணமாகி வந்த பிறகு யார் பார்க்கவும் வயிறாரச் சாப்பிட்டதில்லை. ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றுதான், உள்ளேயிருந்து தாழ் போடுகிற மாதிரி ஒரு கதவு. அதை நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்காமலே கிடைக்கப் போகிறது என்று சும்மா இருந்தேன்.

கிழக்குப் பக்கம் சந்துவரைக்கும் காலி இடம் இருந்தது. அறையின் அகலத்துக்குப் பழைய வீட்டின் அகலமே போதும், நீளத்துக்குத்தான் அளவு வேண்டும் என்று சின்னண்ணன் மேஸ்திரி இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தார். மாமனார் அதைத் திரும்ப இடுப்பிலேயே வைக்கச் சொன்னார். டேப்பில் இருக்கிற அடி எவனுடைய அடியோ, மனையடிக் கணக்கு என்பது யார் பேரில் மனையோ அவர் காலடிக்குத்தான் பேசும், வேறொருத்தர் காலை வைத்து அளந்துவிட்டு இவருக்குப் பலன் கேட்டால் எப்படி வரும் என்று அவர் கேட்டார். மேஸ்திரி என் இடுப்பில் இருந்த பிள்ளையின் காலைப் பார்த்தார்.

"ஏனுங்க, பாப்பா அடிக்கு எட்டுப் பத்து வச்சமுன்னா கோழிக் கூண்டுதானுங்க வரும்."

"எண்ணை ஏத்திக்க" என்றார் மாமனார். "இருபத்தாறு வையி. இருபத்தாறுக்கு இந்திர போகம்."

அப்படியே செய்தார்கள். பலகையில் பச்சரிசி மாவைப் பரப்பி, மாமியார் பிள்ளையின் அக்குளைப் பிடித்து நிறுத்த, அவள் வலது காலை மாவில் பதிய வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரைக்கும் மேஸ்திரி ஒரு மூங்கில் குச்சியை வெட்டிக்கொண்டார். அந்தக் குச்சியால் பழைய சுவரிலிருந்து கிழக்கே இருபத்தாறு தடவை புரட்டிப் போட்டுக்கொண்டே போனார், போய் நின்ற இடத்தில் டேப்பை வைத்தால் பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கட்டிலும் பீரோவும் போட அது போதும் என்று எல்லாருக்கும் திருப்தி. ஹாலோ பிளாக் கல் வந்தது, மணல் வந்தது, நிலை வைத்த அன்று மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள், மேலே இரும்புக் குழாயும் சிமெண்ட் அட்டையும் போட்டார்கள், தரைக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள், காலையும் மாலையும் சுவரை நனைக்கிற வேலை என்னுடையதாக இருந்தது. பால் காய்ச்சின அன்று எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு நான் ஒரு தட்டில் சோறும் கூட்டும் போட்டுக்கொண்டு உள்ளே போய், தாழ் போட்டுவிட்டு, மாராப்பைத் தளர்த்திக் காலை நீட்டி உட்கார்ந்து, தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.

பீரோவும் கட்டிலும் சேர்ந்து இரண்டு சுவரையும் தொட்டுக்கொண்டு கிடந்தன. பிள்ளை தவழத் தொடங்கினபோது கட்டிலின் கால்மாட்டில் கை போகிற அளவுக்குச் சந்து விட்டிருந்தது, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறபோது அங்கே ஒரு குடம் வைக்கலாம் போல இருந்தது, நான் கட்டில்தான் மரம் வற்றிச் சுருங்கிவிட்டது என்று நினைத்துக் குடத்தை வைத்துக்கொண்டேன். கண்டுபிடித்தது மாமியார். விளக்குமாறு போகிற தூரம் கூடிக்கொண்டே இருக்கிறது என்று முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மேஸ்திரியை வரவழைத்தார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், எங்கேயும் ஒரு கீறல் இல்லை, மேலே குழாயில் ஒட்டு இல்லை, அட்டை குறையவில்லை, சிவப்புத் தரை ஊற்றின மாதிரியே விளிம்புவரைக்கும் ஒரே பளபளப்பாகக் கிடந்தது. டேப்பைப் போட்டால் தான் கட்டினதைவிட நீளம் அதிகம். பிறகு என்ன தோன்றியதோ, பிள்ளையைத் தூக்கி அவள் காலுக்குப் புதுக் குச்சி வெட்டிப் புரட்டிக்கொண்டே போனார், சரியாக இருபத்தாறாவது குச்சியின் நுனி கிழக்குச் சுவரைத் தொட்டது. அவர் கை கழுவினார், டீ குடித்தார், அளவு தப்பவில்லை, யார் கணக்குக்குக் கட்டச் சொன்னீர்களோ அவர் கணக்குக்கு இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனார்.

வீதியில் அதைப் பெரிதாக யாரும் ஆச்சரியப்படவில்லை. வளர்கிற பிள்ளைக்குச் சட்டையைக் கொஞ்சம் தொளதொளவென்று தைப்பதில்லையா, அது மாதிரி என்றார்கள். வரி வசூலிக்கிறவர் அரையாண்டுக்கு ஒரு தடவை டேப்போடு வந்து பார்த்துச் சலித்துப் போய், இனிமேல் பாப்பாவின் செருப்பு நம்பரைச் சொன்னால் போதும் என்று சொல்லிவிட்டார். தேரடிச் செருப்புக் கடைக்காரர் நம்பரோடு கூடவே அறையின் நீளத்தையும் கணக்குப் போட்டுச் சொல்லப் பழகிக்கொண்டார். தடுப்பூசி போட்டுக் காய்ச்சல் வந்து பிள்ளை இளைத்த மாதம் சுவர் அசையவே இல்லை, அதற்கு மாமியார் நர்சம்மாவிடம் சண்டைக்குப் போனார். பின் வீதிக்காரர் ஒருவர் பன்னிரண்டாவது படிக்கிற தன் மகன் காலை அளந்து மாடியில் ஓர் அறை போட்டார், அது ஒரு விரல் நகர்ந்து அதோடு நின்றுவிட்டது, இவ்வளவு நாள் கழித்து யோசனை வந்ததே என்று பெண்டாட்டி அவரைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தாள். சாயந்தரமானால் பெண்கள் கடலை மிட்டாயும் முறுக்கும் கொண்டுவந்து, சாப்பிடு சாமி, ரூமு பெருசாகட்டும் என்று ஊட்டுவார்கள், அவளும் வாங்கி வாங்கித் தின்பாள், கொழுகொழுவென்று இருந்தாள். ஜோசியர் தன் வீட்டு வாசலில் ஒரு பெஞ்சு கூடப் போட்டார். எங்கள் வீட்டுக்காரர் ஐப்பசி மழைக்கு வண்டி நிற்கிறபோது வருவார், வந்தால் கட்டிலை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டு, வருசத்துக்கு வருசம் வீடு பெருசாகிற அதிர்ஷ்டம் யாருக்கு வரும் என்று சிரிப்பார்.

கிழக்கே சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் ருக்குமணியக்காவின் அடுப்படி. அக்கா அந்த அடுப்படியில்தான் இட்லி சுட்டு விற்றது, அவர் வீட்டுக்காரர் இல்லாத பிறகு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த இட்லிதான். சந்தில் முதலில் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது, பிறகு ஆள் ஒருக்களித்துப் போனார், பிறகு பூனை போனது, பிறகு பூனையும் வீதி சுற்றிப் போகப் பழகிக்கொண்டது. கனிக்கு மூன்று வயது முடிகிற சமயம் எங்கள் சுவர் அக்காவின் சுவரைத் தொட்டது, தொட்டதோடு நிற்கவில்லை. ஒருநாள் காலையில் மாவு அண்டா வைத்திருந்த பலகை சாய்ந்து மாவெல்லாம் தரையில் போனது. அக்கா கையில் ஒட்டின மாவோடு எங்கள் வாசலுக்கு வந்து, சத்தம் போடாமல், "அண்ணா, உங்க பேத்தி காலு எங்க அடுப்புக்கு வந்துருச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வீதிக் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். எங்கள் வீட்டு நிலைக்குப் பின்னால் நின்றாலே அங்கே பேசுவது கேட்கும், நான் அங்கே நின்றேன். சுவரை இடித்துவிடலாம் என்று யாரோ சொன்னதற்கு ஜோசியர் எழுந்து, பிள்ளையின் நல்ல நேரத்தில் எழுப்பின சுவர், அதை இடித்தால் பிள்ளைக்கு ஆகாது என்றார், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அக்காவின் அடுப்படியை நகர்த்தலாம் என்றால் அந்தப் பக்கம் சாக்கடை. செருப்புக் கடைக்காரர் விரலில் கணக்குப் போட்டு, பாப்பா பெரிய மனுசி ஆகிறபோது கிழக்குச் சுவர் ருக்குமணியின் அடுப்பைத் தாண்டி வாசற்படிக்குப் போய்விடும் என்றார். அப்போது அவரே, கால் வளர்ந்தால்தானே சுவர் வளரும், காலை நிறுத்திவிட்டால் சுவர் நின்றுவிடும், கெட்டித் தோலில் பூட்ஸ் ஒன்று தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மோட்டாரில் தண்ணீர் ஒழுகினால் வாஷர் போடலாம் என்று சொல்வார்களே, அந்த மாதிரி சொன்னார், மற்றவர்களும் அந்த மாதிரியே தலையாட்டினார்கள். மாமனார் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லவில்லை, மாமியாரிடம் சொன்னார், மாமியார் என் பக்கமாகப் பார்த்துச் சுவரிடம் சொன்னார். போனில் எங்கள் வீட்டுக்காரர், ஊரோடு ஒத்துப் போ, அப்பா பார்த்துக்கொள்வார் என்றார், பின்னால் துளை போடுகிற சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. நானும் சத்தமாகச் சொல்லவில்லை.

பூட்ஸ் கறுப்பாக, கணுக்கால்வரைக்கும் வார் வைத்து இருந்தது. மாமனார் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள, கடைக்காரர் மாட்டி இறுக்கினார். குளிக்கிறபோது மட்டும் கழற்றலாம்.

சுவர் நின்றுவிட்டது. அக்கா தன் பலகையை நிமிர்த்தி அண்டாவை வைத்தார், எங்கள் வீட்டுக்குத் தினமும் பணியாரம் வந்தது. வரி வசூலிக்கிறவர் ஒரே நம்பரைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு நிம்மதியாகப் போனார். பிள்ளை முதலில் அழுதாள், அந்த அழுகைக்கும் வீதி பழகிக்கொண்டது, காலையில் பாப்பா அழுதால் பால்காரர் வருகிற நேரம் என்றார்கள், பிறகு அவள் அழுவதை விட்டுவிட்டு முட்டி போட்டு நடக்கத் தொடங்கினாள். முட்டியாலேயே வீதிக்குப் போவாள், முட்டியாலேயே அக்கா வீட்டுக்குப் போய்ப் பணியாரத்துக்குக் கை நீட்டுவாள், எத்தனை சாதுவான பிள்ளை, இடுப்பில் தூக்கு என்று ஒருநாள் கேட்டதில்லை என்று எல்லாரும் மெச்சினார்கள். யாரும் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை, எல்லாரும் முன்னைவிட அன்பாகவே இருந்தார்கள், சாப்பிடு சாமி என்று சொல்லுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். குளிப்பாட்டுகிறபோது கழற்றிப் பார்த்தால் விரல்கள், கண் திறக்காத பூனைக்குட்டிகள் குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கிடக்குமே, அப்படி இருக்கும். நான் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணெய் தேய்ப்பேன், அவை திரும்ப ஏறிப் படுத்துக்கொள்ளும்.

அறை எனக்கு இருந்தது. தாழ் இருந்தது. மதியம் பிள்ளையை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினால் எனக்கும் உலகத்துக்கும் நடுவில் நல்ல கெட்டிச் சுவர் இருந்தது, அந்தச் சுவருக்குள் நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன், பாடியிருக்கிறேன், ஜாக்கெட் இல்லாமல் காற்று வாங்கியிருக்கிறேன். அப்படி ஒரு மதியத்துக்கு முன்னால், பதினோரு மணி வெயிலில், மாமனார் கூடத்தில் ஆட்களோடு பேசிக்கொண்டிருக்க, நான் அறையில் பிள்ளை காலில் இருந்த பூட்ஸின் வாரை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். கனி எட்டிக் கிழக்குச் சுவரைக் கையால் தள்ளிப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"அம்மா, சுவரு நின்னுருச்சில்ல? இப்பக் கழட்டிக்கலாமா?"

எழுந்து போய்க் கொல்லையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு கூடத்து வழியாகவே வந்தேன், ஆட்கள் நிமிர்ந்து பார்க்காமலே கால்களை ஒதுக்கி வழி விட்டார்கள், தண்ணீர் கொண்டுவருகிறவள் என்று நினைத்திருப்பார்கள். உள்ளே போய்த் தாழ் போட்டேன். பிள்ளையைப் பழைய சுவர் ஓரமாகக் கட்டில்மேல் உட்கார வைத்தேன். கிழக்குச் சுவரில் மேல் வரிசையிலிருந்து தொடங்கினேன், ஹாலோ பிளாக் உள்ளே வெறுமையாக இருக்கும், மூன்றாவது குத்திலேயே கல் ஒன்று பொடிந்து விழுந்தது. மேலும் கொஞ்சம் குத்தினதும் ஒட்டிக்கொண்டிருந்த அக்காவின் சுவரும் ஓட்டையானது, அந்தப் பக்கம் புகைக்கு நடுவில் அக்கா முகம், அவருக்குப் பின்னால் இட்லிக்கு நின்ற ஆண்கள் ஐந்தாறு பேர், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாராப்பைச் சரி செய்யக் கை ஒழியவில்லை.

"அக்கா, அடுப்பை அணைச்சுட்டு அந்தப்பக்கம் தள்ளி நில்லுங்க" என்றேன்.

இதற்குள் கதவைத் தட்டினார்கள். முதலில் மாமியார், பிறகு மாமனார், பிறகு வந்த ஆட்கள். தட்டட்டும் என்று இடித்துக்கொண்டிருந்தேன். கதவின் அந்தப் பக்கத்திலிருந்து மாமனார் கெஞ்சுகிற குரலில், அவர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை, சொன்னார்.

"அம்மிணி, அந்தச் சுவத்தை இடிச்சா புள்ளைக்கு ஆகாது. சொன்னாக் கேளு."

"புள்ளைக்கு ஆகாதது கால்ல மாட்டியிருக்குதுங்க மாமா" என்றேன். அந்த வீட்டில் அவருக்கு நான் கதவு வழியாகவோ கதவு இல்லாமலோ சொன்ன முதல் எதிர்ப்பேச்சு அதுதான். "சுவரு இருந்தாத்தானுங்க போய் முட்டும். இருபத்தாறு எங்க முடியுதோ அங்க முடியட்டும். அங்க சுவரு வேண்டாம்."

யாரோ ஓடிப் போய்ச் சின்னண்ணன் மேஸ்திரியைக் கூட்டி வந்திருந்தார்கள், என்னைத் தடுப்பதற்காக. அவர் அக்கா வீட்டு வழியாக வந்து பார்த்தார், மேலே குழாயைப் பார்த்தார், அட்டை இறங்கிவிடும், கொஞ்சம் பொறு என்று சொல்லி இரண்டு சவுக்குக் கம்பு கொண்டுவரச் சொன்னார், முட்டுக் கொடுத்தார், பிறகு தன் சம்மட்டியால் கீழ் வரிசைகளை அவரே தட்டிவிட்டார். கட்டினவனுக்கு இடிக்கவும் தெரியணுமில்ல என்று இட்லிக்கு நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டார். சாப்பாட்டு வேளைக்கெல்லாம் கிழக்குப் பக்கம் சுவர் என்று ஒன்று இல்லை, எங்கள் அறையும் அக்காவின் அடுப்படியும் ஒரே கூரைக்கடியில் வந்திருந்தன, நடுவில் கல் பொடி கிடந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து வாரை அவிழ்த்தேன். கனி இறங்கி நின்றாள், விழுந்தாள், கட்டில் காலைப் பிடித்து எழுந்து நின்றாள், திரும்ப விழுந்தாள், இட்லிக்கு வந்தவர்கள் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்கிறவரைக்கும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜோசியர் சொன்னது எதுவும் நடக்கவில்லை, அதையும் அவரே முன்கூட்டிச் சொன்னதாகப் பிறகு பேச்சு வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின, கடைசி விரல் மட்டும் பக்கத்து விரல்மேல் சாய்ந்தபடியே நின்றுவிட்டது, அதற்கு அவள் நடை நிற்கவில்லை. அறை இப்போதும் வளர்கிறது. ஆனால் வளர்வது சிவப்புத் தரையும் மேலே அட்டையும்தான். தரையின் விளிம்பு அக்காவின் அடுப்படிக்குள் தண்ணீர் பரவுவது போலப் போய்க்கொண்டிருக்கிறது, எதையும் தள்ளுவதில்லை, அண்டாவுக்கு அடியிலும் அடுப்புக்கு அடியிலும் நுழைந்து போகிறது. சிவப்புத் தரையில் வைத்தால் மாவு நன்றாகப் பொங்குகிறது என்று அக்கா அண்டாவை அந்தப் பக்கமே நகர்த்தி வைத்துக்கொண்டார். வரி வசூலிக்கிறவர் மூன்று சுவர் உள்ளதை அறை என்று போடுவதா, தாழ்வாரம் என்று போடுவதா என்று யோசித்துக் கடைசியில் எதையும் போடாமல் இட்லி தின்றுவிட்டுப் போகிறார். மாமனார் என்னோடு பேசுவதை நிறுத்தினார், பிறகு ஒருநாள் உப்பு எங்கே என்று கேட்டார், அதோடு சரியாகிவிட்டது.

நான் சாப்பிடுவதுதான் சிரமமாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் எதிரே அக்காவின் வாடிக்கைக்காரர்கள், லாரி டிரைவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். முதலில் அடுப்படிக்கே திரும்பிப் போய் நின்றுகொண்டு விழுங்கினேன். பிறகு கட்டிலுக்குப் பின்னால் பழைய சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன், முதுகில் யாரோ கை வைத்திருப்பது போல இருக்கும். கனி என் தட்டிலிருந்து ஒரு வாய் வாங்கிக்கொண்டு அந்தக் கோடிக்கு ஓடி, அங்கே யார் இலையிலோ ஒரு வாய் வாங்கிக்கொண்டு திரும்பி ஓடி வருவாள், ஒவ்வொரு தடவையும் நான் அவளைப் பார்க்கத் திரும்ப வேண்டியிருந்தது, திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்து ஒருநாள் திரும்பினபடியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஐப்பசியில் எங்கள் வீட்டுக்காரர் வந்தபோது நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மழையில் நனைந்த பையோடு வீதியில் நின்றவர் எந்த வழியாக உள்ளே வருவது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, கடைசியில் அக்காவின் வாடிக்கைக்காரர்கள் நடுவில் புகுந்து வந்தார். கனி ஓடிப் போய் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் காலைப் பார்த்தார், முட்டுக் கொடுத்த கம்பைப் பார்த்தார், பிறகு என் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"எல்லாருந்தான் பாக்கறாங்க. அந்தப்பக்கமாத் திரும்பி உக்காந்து சாப்பிடக் கூடாதா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். உண்மைதான், பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கொள்ளுப் பருப்பை இன்னொரு கரண்டி ஊற்றிப் பிசைந்தேன்.

"பாக்கட்டுமுங்க" என்றேன். "எனக்குப் பசிக்குது."